பனி என்று நினைத்துவிடாதே கண்ணு

அன்புள்ள கண்ணு,

போனில் சொன்னால் பாதியில் "சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை அப்பா அடுப்படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். வலது கையிலிருந்த டம்ளர் மெல்லச் சாய்ந்து சுடச்சுட டீ ஸ்வெட்டர் மேல் கொட்டியது, ஆனால் மனுஷன் கையை உதறவே இல்லை. "பனிக்கு விறைச்சுப் போச்சு" என்று சொல்ல வந்தவருக்கு நாக்கு குழறியது. கோத்தகிரியில் தை மாதம் யாருக்குத்தான் கை விறைக்காது, நானும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். ஆனால் குளிருக்கு இரண்டு கையும்தானே விறைக்கும்? ஒரு பக்கம் மட்டும் திடீரென்று மரத்துப்போனால் அது பனி இல்லை கண்ணு, ஸ்ட்ரோக்காக (பக்கவாதம்) இருக்கலாம்.

சிரிக்கச் சொன்னேன், வாய் இடது பக்கமாகக் கோணியது. இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன், வலது கை தானாகக் கீழே இறங்கியது. உடனே 108க்குப் போன் போட்டேன்.

வண்டி வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது! "எதுக்கு வீணா கோயம்புத்தூர் வரைக்கும்" என்றார் அப்பா, பக்கத்து வீட்டு அக்காவோ சுக்கு காபி கொண்டுவந்து நின்றார். விழுங்கும்போது புரையேறிவிடும் என்று ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. ஆஸ்பிரினும் கொடுக்கவில்லை, மூளையில் அடைப்பா ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே கெடுதல்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான். பால்காரர் அப்போதுதான் போயிருந்தார், அதனால் ஆறரை என்று சொல்ல முடிந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம், நம் மலையிலிருந்து இறங்கிப் போய்ச் சேருவதற்கே அதில் நிறைய நேரம் போய்விடுகிறது. தூக்கத்தில் வந்திருந்தால், கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து கணக்கு. அப்பாவுக்கு வந்தது மினி ஸ்ட்ரோக், அடைப்பு தானாக விலகிவிட்டது, ஆனால் பெரியது வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாளில்தான் மிக அதிகம் என்பதால் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். "சரியாப் போச்சு" என்று வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்பவும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், கேரட் தோட்டத்துக்குக்கூடப் போய்விட்டு வந்தார். எனக்கு உன்னை நினைத்துத்தான் கவலை. முப்பத்தாறு வயதில் பி.பி. வந்தும், தலைவலி இல்லை என்று மாத்திரையை நிறுத்திவிட்டாயாமே, உன் அக்கா சொன்னாள். பி.பி. வலித்துக்கொண்டா வரும்? நாளைக்கே போய்ப் பார்த்துவிட்டு அளவை எனக்கு அனுப்பு.

அப்புறம், உன்னோடு அறையில் தங்கியிருக்கும் தம்பிக்கும் இதைப் படித்துக் காட்டு. உனக்கு நாக்கு குழறினால் 108ஐக் கூப்பிட வேண்டியது அவன்தான்.

அம்மா