விளங்காவிட்டால் கேட்கத் தெரிந்த முகவர் வேண்டும்

யாழ்ப்பாணத்தில் செயற்கை நுண்ணறிவு முகவர்களைக் கட்டுகிறவர்களுக்கும் கட்டக் கற்பிக்கிறவர்களுக்கும்,

வணக்கம். சுன்னாகத்தில் வெங்காய வியாபாரம் செய்யும் என் மாமாவுக்காக ஒரு முகவரை, அதாவது தானாகவே வேலைகளைச் செய்யும் மென்பொருளை, நானே கட்டினேன். வாட்ஸ்அப்பில் வரும் ஓடர்களை வாசிக்கும், இருப்பைப் பார்க்கும், பற்றுச்சீட்டு எழுதும், பதிலும் அனுப்பும். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் விடியற்காலையில் வவுனியாவிலிருந்து லொறி வந்து நின்றது. கடை வாசலில் ஒரேயொரு பை கட்டி வைத்திருந்தது. அதற்குள் 5 கிலோ வெங்காயம். வியாபாரி கேட்டிருந்ததோ 5 அந்தர்.

அந்தர் என்றால் ஏறக்குறைய 50 கிலோ என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அன்றிரவு முகவரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். "அலகு தெளிவில்லை, கிலோ எனக் கொள்கிறேன்" என்று எழுதியிருந்தது. எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. தெளிவில்லை என்பதை அது குறித்திருக்கிறது. யாரிடமாவது கேட்பதற்கு நான்தான் வழி வைக்கவில்லை. கடையில் நிற்கும் பையன் என்றால், "அண்ணை, அந்தரோ கிலோவோ?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான்.

இதை முன்பே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் முகவர்களுக்கு நியமங்கள் வகுக்க 1996இல் தொடங்கிய எஃப்ஐபிஏ (FIPA) அமைப்பு, முகவர்கள் தமக்குள் பேசுவதற்கு வகுத்த செய்தி வகைகளில் 'விளங்கவில்லை' என்பதும் ஒன்று. ஜாவா நிரல்மொழியில் எழுதப்பட்ட, முகவர்களைக் கட்ட உதவும் ஜேட் (JADE) தளம் அந்த நியமத்தைப் பின்பற்றியது. இன்றைய தளங்களிலும் வசதிக்குக் குறைவில்லை. லாங்கிராஃபில் (LangGraph) முகவரின் ஓட்டத்தை இடைநிறுத்தி, நிலையைச் சேமித்து, மனிதர் ஒப்புதல் தந்தபின் தொடரலாம். க்ரூஏஐயில் (CrewAI) ஒரு பணியின் முடிவை மனிதர் பார்த்துத் திருத்தும்படி அமைக்கலாம். ஆனால் நான் போன பயிற்சி வகுப்பில் இவற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எத்தனை முகவர்களை ஒன்றோடொன்று இணைக்கலாம் என்பதிலேயே மூன்று நாளும் போயின.

இணையத் தொடர்பு அறுந்தால் முகவர் அதே பற்றுச்சீட்டை இரண்டாம் முறை எழுதிவிடும் சிக்கலும் உண்டு. ஓடருக்கு ஒரு தனி இலக்கம் கொடுத்துச் சரிபார்த்தால் அது தீரும். விளங்காமை அவ்வளவு எளிதில் தீராது.

ஆசிரியர்களே, மாணவர் செயற்றிட்டங்களுக்குப் புள்ளி போடும்போது, முகவர் எந்த இடத்தில் நின்று கேட்டது என்பதையும் பாருங்கள். நிறுவனம் நடத்துகிறவர்களே, காசும் சரக்கும் கைமாறும் முன் மனிதர் ஒப்புதல் கேட்காத முகவரை எந்தக் கடைக்கும் விற்காதீர்கள். சோதிப்பதற்கு எங்கள் ஊர்ச் செய்திகளையே எடுங்கள். 'நாளையிண்டைக்கு' (நாளை மறுநாள்) என்பதை 'நாளைக்கு' என்று வாசிக்கும் முகவர், ஒருநாள் முந்தியே லொறியை அனுப்பிவிடும்.

பெயரும் தொலைபேசி இலக்கமும் நீக்கிய 200 ஓடர்ச் செய்திகள் என்னிடம் இருக்கின்றன. அனுப்பியவர்களின் சம்மதத்தையும் வாங்கிவிட்டேன். எந்த வகுப்புக்கு வேண்டுமானாலும் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
சுன்னாகத்திலிருந்து ஒரு மென்பொருள் பொறியியலாளர்