கடிகாரத்தோடு பற்றறியையும் மாற்றச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்க வேண்டும் என்று போன இதழில் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். எங்கள் ஆட்களுக்கு உதவியான அறிவித்தல். அதற்குக் கீழே இன்னுமொரு வரி வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: "வீட்டிலுள்ள ஸ்மோக் அலாரங்களின் (புகை வந்தால் சத்தமிடும் கருவிகளின்) பற்றறியையும் இன்றைக்கே மாற்றுங்கள்." மார்ச்சில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை, கடிகாரம் மாற்றும் நாளில் இதையும் செய்யும்படி இங்குள்ள தீயணைப்புப் படையினர் எத்தனையோ வருடமாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் வீட்டில் தனியே இருக்கும் எங்கள் அம்மம்மாமாருக்கு அது போய்ச் சேர்வதாகத் தெரியவில்லை.

நான் ஸ்காபரோவில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். குளிக்க வார்ப்பது, சாப்பாடு சூடாக்கிக் கொடுப்பது, குளிசை எடுத்தார்களா என்று பார்ப்பது என்று வேலை போகும். இப்படிப் போகும் வீடுகள் பலவற்றில், சப்பாத்தைக் கழற்றும்போதே மேலே எங்கேயோ ஒரு "கீச்" கேட்கும். ஒரு நிமிடம் கழித்து இன்னொரு "கீச்". பற்றறி இறங்கிக்கொண்டு வருகிறது என்று அந்த அலாரம் சொல்லும் சத்தம் அது. "அம்மா, இது எவ்வளவு நாளாய்க் கத்துது?" என்று கேட்டால், "எது பிள்ளை? எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே" என்பார்கள்.

உண்மையிலேயே கேட்காதுதான். வயது போகப் போக முதலில் குறைவது உயர்ந்த சுருதிச் சத்தங்களைக் கேட்கும் திறன். சாதாரண ஸ்மோக் அலாரம் எழுப்பும் சத்தம் ஏறத்தாழ 3,000 ஹேர்ட்ஸ், அதாவது அவர்களுக்குக் கேட்காமல் போகும் அதே பகுதி. அதிலும் காது மெஷினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படுக்கிறவருக்கு நடுச்சாமத்தில் முழு அலாரம் அடித்தாலும் எழும்புவாரோ தெரியாது. இப்படிப்பட்டவர்களுக்கென்றே 520 ஹேர்ட்ஸில் தாழ்ந்த சுருதியில் அடிக்கும் அலாரம் இருக்கிறது. தலையணைக்குக் கீழே வைத்து அதிரச் செய்யும் கருவியும் இருக்கிறது. தாய் தகப்பனின் காது மந்தமாகிவிட்டது என்று தெரிந்த பிள்ளைகள் இவற்றைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு அந்தக் "கீச்" கேட்கிறது. இரண்டு வேலை, இரவு ஷிப்ட் என்று ஓடுகிறவர்கள் "வார கிழமை பாப்பம்" என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை, என் வீட்டிலும் ஓட்டம்தான். பற்றறியை மாற்ற 5 நிமிடம்கூட ஆகாது, ஆனால் ஏணி வேண்டும், அல்லது ஏறி நிற்க உறுதியான கதிரை வேண்டும். 80 வயதுக்காரரைக் கதிரையில் ஏறச் சொல்ல முடியுமா? வாடிக்கையாளர் வீட்டில் ஏறி நிற்க எனக்கும் அனுமதியில்லை. மகனுக்கோ மகளுக்கோ போன் எடுத்துச் சொல்லத்தான் முடியும். சொல்கிறேன், திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்புறம், எங்கள் சமையல். செத்தல் மிளகாய் வறுத்தால், மீன் பொரித்தால், கறிக்குத் தாளித்தால் அலாரம் அடிக்கும். குசினிக்கு மிக அருகில் பூட்டியிருந்தால் நாளாந்தம் அடிக்கும். உடனே யாராவது துடைப்பக் கட்டையால் அதைத் தட்டி, மூடியைத் திறந்து, பற்றறியைக் கழற்றி வைப்பார்கள். திரும்பப் போட மறந்துபோகும். வேறு சில வீடுகளில் அலாரத்தின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பான்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான்: அந்த வீட்டில் அலாரம் இல்லை. ஒன்ராறியோ தீத் தடுப்பு விதிகளின்படி வேலை செய்யும் அலாரத்தை வேண்டுமென்று செயலிழக்கச் செய்வது குற்றமும்கூட.

இதற்கு வேறு வழி இருக்கிறது. அநேகமான அலாரங்களில் சத்தத்தைச் சில நிமிடங்களுக்கு மட்டும் அடக்கி வைக்கும் பொத்தான் உண்டு. அதை அமத்திவிட்டு, அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்தால் போதும். புதிதாக வாங்குகிறவர்கள் 'ஃபோட்டோ எலக்ட்ரிக்' (ஒளியால் புகையை உணரும் வகை) என்று பெட்டியில் போட்டிருப்பதை எடுங்கள், சமையல் புகைக்கு அது மற்ற வகையை விடக் குறைவாகவே அடிக்கும். அடுப்பிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளிப் பூட்டுங்கள்.

கழற்றிய பற்றறி எங்கே போகிறது தெரியுமா? ஒரு வீட்டில் கரண்டி தேடி லாச்சியைத் திறந்தேன். உள்ளே சில்லறைக் காசு, திறப்புக் கோர்வை, ஊசி, நடுவில் சதுரமான 9 வோல்ட் பற்றறி. அதன் இரண்டு முனையும் ஒரே பக்கத்தில், ஒட்டியாற்போல் இருக்கும். ஒரு காசோ திறப்போ அந்த இரண்டிலும் ஒன்றாகப் பட்டால் சூடேறி, பக்கத்தில் கடதாசி இருந்தால் தீயே பிடிக்கலாம். தீயிலிருந்து காப்பாற்ற வாங்கிய சாமான் அது. பழைய பற்றறியின் முனைகளில் டேப் ஒட்டி, பற்றறி சேகரிக்கும் பெட்டியில் போட வேண்டும், குப்பைக்குள் அல்ல.

புதியதைப் போடும்போதும் சில விஷயம் கவனிக்க வேண்டும். எந்த வகைப் பற்றறி என்று அலாரத்திலேயே எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். சார்ஜ் ஏற்றும் பற்றறி இதற்குச் சரிவராது. போட்டு முடித்ததும் டெஸ்ட் பொத்தானை அமத்திப் பிடித்து, சத்தம் வருகிறதா என்று பாருங்கள். கூரையில் கரண்ட் வயரோடு பூட்டிய அலாரம் என்றால் பற்றறி தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பலவற்றுக்குள்ளும் பற்றறி இருக்கிறது, கரண்ட் நின்றால் அதில்தான் ஓடும். புதுப் பற்றறி போட்ட பிறகும் "கீச்" நிற்கவில்லையென்றால் கழற்றிப் பின்பக்கத் திகதியைப் பாருங்கள். 10 வருடம் தாண்டியிருந்தால் அலாரத்தையே மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. 10 வருடத்துக்கான பற்றறி உள்ளேயே அடைத்து வருவதும் விற்கிறது. வயதானவர் தனியே இருக்கும் வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன், வருடத்துக்கு இரண்டு தடவை கதிரை தேட வேண்டாம்.

இந்தச் சத்தம் ஏன் விடியப்புறம் 3, 4 மணிக்கே தொடங்குகிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இரவில் வீடு குளிரும்போது பற்றறியின் வலு இன்னும் இறங்கும், அதனால்தான். காலையில் ஹீற்றர் சூடேறியதும் சத்தம் நின்றுவிடும், "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுவார்கள். சரியாகவில்லை. அடுத்த குளிருக்கு மறுபடி கத்தும், ஒருநாள் கத்தக்கூட வலு இல்லாமல் அடங்கிவிடும். இன்னொன்று: மூன்று மூன்றாக அடித்தால் புகை, நான்கு நான்காக அடித்தால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உடனே எல்லாரும் வெளியே வந்து 911-க்கு அடிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தையும் நீங்கள் ஒருமுறை எழுதினால் நல்லது.

கடைசியாக, பேஸ்மென்ற். எங்கள் வீடுகளில் கீழே வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த மாணவர்கள், சின்னப் பிள்ளைகளோடு குடும்பங்கள். மேலே புது அலாரம் பளபளக்கும், கீழே கூரையில் வெறும் வட்டத் தட்டுத்தான் இருக்கும், அலாரம் கழன்று எங்கோ போயிருக்கும். ஒவ்வொரு மாடியிலும், படுக்கும் அறைகளுக்கு வெளியிலும் வேலை செய்யும் அலாரம் இருக்க வேண்டும் என்பது இந்த மாகாணத்தின் சட்டம். வாடகை வீட்டில் அது வீட்டுக்காரரின் பொறுப்பு. வருடத்துக்கு ஒரு தடவையும், ஆள் மாறும்போதும் அவர் சோதித்துப் பார்க்க வேண்டும். குடியிருப்பவருக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது. "கேட்டால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிடுவார்களோ" என்று பயந்துகொண்டு ஒரு பெண் என்னிடம் சொன்னார். ஒரு சின்ன ஜன்னலும் ஒரே ஒரு படிக்கட்டும் உள்ள பேஸ்மென்றில், கைக்குழந்தையோடு படுத்திருப்பவர் அவர். வீட்டுக்காரர்களே, உங்கள் தலைக்கு மேலே பூட்டும் அதே அலாரத்தில் இன்னொன்றை வாங்கிக் கீழேயும் பூட்டிவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, வரும் மார்ச் இரண்டாவது ஞாயிறுக்கு முந்திய இதழில் அந்தப் பெட்டிச் செய்தியோடு இந்த வரியையும் பெரிய எழுத்தில் போடுங்கள். உங்கள் பத்திரிகையைக் கடையில் எடுத்து, வீட்டில் மேசையில் விரித்து வாசிக்கும் பெரியவர்களை நான் தினமும் பார்க்கிறேன். நீங்கள் போட்டால் அவர்களே பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
முதியோர் வீட்டுப் பராமரிப்புப் பணியில் இருக்கும் ஒரு வாசகி,
ஸ்காபரோ