ஒசாகாவில் இருக்கும் பிள்ளைக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். நீ குடியிருக்கும் நாட்டில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எப்படி வாசித்திருக்கிறார்கள் என்று தெரியுமா உனக்கு? எனக்கு இப்போதுதான் தெரிந்தது. ஜாஸ்-ஃபங்க் என்கிறார்கள், ஜாஸோடு ஃபங்க் என்ற ஆட்டத் தாளம் கலந்த இசை. பெரும்பாலும் வாத்தியம்தான், பாட்டுக்காரர் கிடையாது.

முதலில் 'கேட்' (பூனைதான், வாசல் கேட் இல்லை) என்ற ஆல்பத்தைக் கேள். ஹிரோஷி சுஸுகி என்பவருடையது, டிராம்போன் என்ற பித்தளை ஊதுகுழல் வாசிப்பவர். அமெரிக்கா போய் லாஸ் வேகஸில் இருந்தவர். 1975இல் ஜப்பான் வந்தபோது பழைய கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு வாசித்தது, அடுத்த வருஷம் வெளிவந்தது. ஊருக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற நிதானம் அதில் இருக்கிறது. யாருக்கும் அவசரமே இல்லை. டிரம்ஸ் அகிரா இஷிகாவா, பேஸ் குனிமிட்சு இனாபா. ராஜா பாட்டில் பேஸ் கிடார் எங்கே போகிறது என்று காது கொடுத்துக் கேட்ட வீடுடா நம் வீடு. இனாபாவை நீ தவறவிடமாட்டாய். அந்த ஆல்பத்தில் எல்லோரும் 'ரொமான்ஸ்' என்ற உருப்படியைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ 'ஷ்ரிம்ப் டான்ஸ்'தான்.

அடுத்தது ஜிரோ இனகாகி, சாக்ஸபோன். 1975இல் வந்த 'ஃபங்கி ஸ்டஃப்'. அது வேறு சூடு. காலையில் அதைப் போட்டுவிட்டுத்தான் குழம்பு கூட்டுகிறேன். "இது வீடா, டிஸ்கோவா?" என்று அப்பா கேட்கிறார், பேப்பருக்குக் கீழே கால் மட்டும் தாளம் போடுகிறது.

மினோரு முராவோகா என்று ஒருவர். டிரம்ஸ், பேஸுக்கு நடுவே ஷாகுஹாச்சி வாசித்திருக்கிறார், 1970லேயே. மூங்கில் குழல்தான், ஆனால் நம் புல்லாங்குழல் மாதிரி குறுக்கே பிடிப்பதில்லை. நேராகப் பிடித்து மேல்முனையில் ஊதுகிறார்கள். விரல் துளை ஐந்தே ஐந்து. மற்றதெல்லாம் துளையைப் பாதி மூடியும் தலையை அசைத்தும் வரவழைக்க வேண்டும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது எவ்வளவு ருசி! இதைப் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்றாள். விடமாட்டேன், அடுத்தது அனுப்பியாயிற்று.

உனக்கு ஒரு வேலை. அங்கே ஜாஸ் கிஸ்ஸா என்ற காபிக்கடைகள் உண்டு. அந்தக் காலத்தில் வெளிநாட்டு ரெக்கார்டு விலை மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு காபி வாங்கிக்கொண்டு, கடைக்காரரின் பெரிய ஸ்பீக்கரில் மணிக்கணக்காகக் கேட்டிருக்கிறார்கள். சில கடைகளில் பேசவே கூடாதாம். உனக்குக் கஷ்டம்தான், ஆனாலும் போ. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார். என்ன போட்டார்கள், பேஸ் எப்படிக் கேட்டது என்று எனக்கு எழுது.

அப்படியே பழைய ரெக்கார்டுக் கடையிலும் நுழைந்து பார். உறையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை இருக்கும், ஓபி என்பார்கள். அது கிழியாமல் இருந்தால் விலை ஏறிவிடும். அந்தப் பெருமையெல்லாம் நமக்கு வேண்டாம். 'கேட்' மறுபதிப்பு வந்திருக்கிறது, அதை வாங்கி வா. பரணில் கிடந்த ரெக்கார்டு பிளேயரை அப்பா இறக்கித் துடைத்துவிட்டார். பெல்ட்தான் மாற்ற வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா