நடுவில் ஒரு சாண்

ஹூப்ளி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போனில் நான் அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, மேலே எதுவும் துருவாமல் "சாப்பிட்டியாடி?" என்று மட்டும் கேட்டாய். அன்றைக்கு அது போதுமாக இருந்தது. இன்று பேத்தி தொட்டிலில் தூங்குகிறாள், மகளும் கண்ணயர்ந்துவிட்டாள். இப்போதுதான் பேனாவை எடுக்க முடிந்தது.

குழந்தை முப்பதாவது வாரத்திலேயே வந்துவிட்டாள். எடை 1 கிலோ 240 கிராம். என் மகளின் மோதிரத்தை அவள் கைக்கு வளையலாகப் போட்டிருக்கலாம், அப்படி இருந்தாள். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை அறையில் 37 நாள். தாயைத்தான் உள்ளே விடுவார்கள். பாட்டிமார்களுக்கு வராந்தாவில் நாற்காலி. காலையில் போய் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருப்பது. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். கையை எங்கே வைப்பது என்றே தெரியாது.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு முன்கூட்டிப் புதுத்துணி வாங்க மாட்டோம், பிறந்த பிள்ளைக்கும் பழம்புடவையைக் கிழித்துத்தான் சுற்றுவோம். சம்பந்தியம்மா, "வீட்டுக்கு வரட்டும், அதுவரைக்கும் எதுவும் வாங்க வேண்டாம்" என்று சொன்னபோது எனக்கும் அதே பயம்தான். ஆனால் பழந்துணிக்கு எந்தத் தடையும் இல்லையே என்று மூன்றாம் நாள் ராத்திரி தோன்றியது. பழந்துணியிலேயே குழந்தைக்கு ஒரு மெத்தை தைக்கலாம் என்று, வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

மேலே அவருடைய வேட்டிகள். அவர் போய் இரண்டு வருஷமாகியும் நான் தொடாமல் வைத்திருந்தவை. கீழே என் அம்மாவின் சுங்குடிப் புடவைகள் மூன்று. கத்தரிக்கோலை வேட்டியில் வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வெட்டினேன். ஒரு வேட்டி ஓரத்தில் சலவைக்காரர் போட்ட மசிக்குறி இருந்தது, ஒரு கோடும் இரண்டு புள்ளியும். அந்தத் துண்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். அது இப்போது அந்த மெத்தையில் குழந்தையின் கால்மாட்டுப் பக்கம் தைத்திருக்கிறது.

தைக்கக் கற்றுக்கொடுத்தவர் வராந்தாவில் என் பக்கத்து நாற்காலிக்காரர். எல்லாப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த, 'சித்தி' என்ற இனத்தைச் சேர்ந்த அம்மா. அவருடைய பேரனும் உள்ளேதான் இருந்தான். சித்திகள் யாரென்று உனக்கு எழுதியதில்லை. பல நூறு வருஷங்களுக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அடிமைகளாகக் கோவாவுக்கு வந்து, அங்கிருந்து தப்பிக் காட்டுக்குள் போனவர்களும் அவர்களில் உண்டு. எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் இன்றைக்கும் வாழ்கிறார்கள். ஹூப்ளியில் நாங்கள் 'கௌதி' என்று சொல்லும் பழந்துணி மெத்தையை அவர்கள் 'கவந்தி' என்கிறார்கள். நான் துண்டுகளை ஜோடித்துத் தனியாக ஒரு மேல்துணி தைக்கப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே அதைக் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

அவர்கள் முறையே வேறு. அடித்துணியாக ஒரு புடவையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஒவ்வொரு துண்டாக ஓரத்தை மடக்கி வைத்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே விளிம்பைச் சுற்றி வர வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் அதற்கு உள்பக்கம் அடுத்த சுற்று. இப்படியே சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போய்ச் சேர வேண்டும். வரிசைக்கும் வரிசைக்கும் இடையில் ஒரு விரல்கூட இருக்காது. எந்த நிறம் எங்கே என்று முன்னாலேயே திட்டம் எதுவும் கிடையாது, கையில் அடுத்து வரும் துண்டுதான். அந்த நாட்களில் எனக்கு அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா? நாளைக்கு என்ன என்று டாக்டரே சொல்லாத நேரம். என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை, அடுத்த துண்டை மட்டும் கேட்டார்கள்.

ஒன்பதாம் நாள் குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டு, தட்டி எழுப்பிவிடுவோம் என்று நர்ஸ் சொன்னார். சொன்னால் மனசு கேட்குமா? அன்றைக்குப் போட்ட தையலைப் பார்த்தால் நெல்லை நெருக்கி அடுக்கியது போல இருக்கும். துணி சுருங்கிக் கிடக்கும். மறுநாள் பிரிக்கப் போனேன், அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும், அது அன்றைக்கு உள்ளது" என்றார். பிரிக்கவில்லை.

பதினான்காம் நாளிலிருந்து கங்காரு முறை. குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் ஒட்டவைத்துத் துணியால் கட்டிவிடுகிறார்கள், மணிக்கணக்கில். கொலம்பியாவில் 1978இல், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்கியதாம். கட்டுவதற்கு மெத்தென்ற துணி வேண்டும் என்று மகள் கேட்டபோது அம்மாவின் சுங்குடியில் இரண்டு கெஜம் கொடுத்தனுப்பினேன். நாற்பது வருஷம் துவைத்த துணி எப்படி இருக்கும்! பெரிய பாட்டியின் புடவைக்குள் அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கிடந்ததைப் போட்டோவில் காட்டினாள். அன்று ராத்திரிதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

இருபத்திரண்டாம் நாள் அந்த அம்மாவின் பேரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது என் துணியை மடியில் வைத்துக்கொண்டு, நாலு துண்டுகளை மடித்து மடித்துச் சின்ன முக்கோணங்களாக்கி, மூலைக்கு ஒன்றாகக் குத்திக் கொடுத்தார். 'பூலா' என்று பேர். பூவாம். பூ இல்லாத கவந்தி துணி உடுத்தாத ஆள் மாதிரி என்றார். பேச எனக்கு வாய் வரவில்லை, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

நர்ஸ் ஒன்று சொல்லியிருக்கிறார், உன் மருமகளுக்கும் பிற்பாடு உதவும்: ஒரு வயசு வரைக்கும் தூங்கும் குழந்தைமேல் கனமான போர்வை எதுவும் போடக் கூடாது, கூடவும் வைக்கக் கூடாது, முகத்தில் ஏறினால் மூச்சு முட்டும். அதனால் இது இப்போதைக்குத் தரையில் விரிக்கத்தான். பகலில் அவள் விழித்திருக்கும்போது குப்புறப் படுக்கவைத்தால் அந்தச் சுங்குடிப் புள்ளிகளையே முறைத்துப் பார்க்கிறாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பையன் வெளிநாடு போனதிலிருந்து வீடு கிணறு மாதிரி இருக்கிறது, அம்மாவின் புடவைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். முட்டி வலியோடு தனியாக உட்கார்ந்து அவற்றை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். மதுரைப் புதுமண்டபத்தில் தையல்காரர்களின் மிஷினுக்கடியில் நாம் இரண்டு பேரும் துண்டு பொறுக்குவோமே, ஞாபகம் இருக்கிறதா? பாவாடை நிறைய வெட்டுத்துண்டு அள்ளிக்கொண்டு வந்து பொம்மைக்குத் தைப்போம். அந்தக் கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன என்று படித்தபோது அதுதான் மனசில் வந்தது.

என் கவந்தி இன்னும் முடியவில்லை. நடுவில் ஒரு சாண் திறந்திருக்கிறது. மூடுவதற்கு முன் நடுவில் நாலு அரிசி வைத்துத் தைக்க வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறார். கவந்தியின் வயிறு காலியாக இருக்கக் கூடாதாம். அந்த இடத்துக்கு உன் அம்மா புடவை ஒன்றிலிருந்து துண்டு வேண்டும். எத்தனை நாள் பள்ளிக்கூடம் விட்டு அவர்கள் கையால் சாப்பிட்டிருக்கிறேன்! நூல்புடவையாகப் பார்த்து வெட்டு. சரிகை வேண்டாம், குழந்தைக்குக் குத்தும். ஒரு முழம் இருந்தால் போதும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பு. முட்டி இடம் கொடுத்தால் தை மாசம் நீயே எடுத்துக்கொண்டு வா, அதுவரைக்கும் நடுவை மூடாமல் வைத்திருக்கிறேன். அரிசியை நீ போடு, நான் தைக்கிறேன்.

குழந்தை சிணுங்குகிறாள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

என்றும் உன்,
தோழி