அந்த 1400 பேருக்கு ரெண்டு வரி எழுதுங்க

பாண்டிச்சேரில பாரம்பரிய தகவல் பலகை வைக்கிற அதிகாரிங்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பொண்ண கூட்டிட்டு பீச் பக்கம் வந்தேன். 1760-61ல பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த இந்த ஊர இங்கிலீஷ்காரங்க முற்றுகை போட்டத பத்தி ஒரு பலகை. பிரெஞ்சு தளபதி லாலி, இங்கிலீஷ் தளபதி கூட், பீரங்கி, கப்பல், 1761 ஜனவரி 16 பிரெஞ்சு சரண்டர், முடிஞ்சுது. "அப்பா, அப்போ நம்ம ஆளுங்கல்லாம் எங்க இருந்தாங்க"ன்னு கேட்டா. அங்கயே நின்னுட்டேன்.

நீங்க அறியாத கதை இல்ல. தரையில கூட்டோட படை, கடல்ல இங்கிலீஷ் கப்பல், உள்ள அரிசி வர வழியே இல்ல. இருக்கிறது சிப்பாய்ங்களுக்கே காணாதுன்னு 1760 நவம்பர் 27ஆம் தேதி, பெரிய வீட்டு வேலைக்காரங்க கொஞ்ச பேர விட்டுட்டு, ஊர்ல மிச்சமிருந்த நம்ம சனத்த, ஆம்பள பொம்பள கிழடு கொழந்தைன்னு 1400 பேர, கோட்டைக்கு வெளிய தள்ளிட்டாரு லாலி. ஊரச் சுத்தி இருந்த எல்லை முள்வேலிகிட்ட போனா இங்கிலீஷ் காவல் அடிச்சு தொரத்துது, திரும்பி வந்து கோட்டை வாசல்ல கெஞ்சுனா உள்ளருந்து சுடுறாங்க. குடும்பம் குடும்பமா இங்கயும் அங்கயும் அலைஞ்சிருக்காங்க. எட்டு நாள். வயல்ல புல்ல புடுங்கி, மண்ண ஒதறி, அந்த வேர தின்னுருக்காங்க. அப்புறம்தான் கூட் வழி விட்டாரு. இத இங்கிலீஷ் கம்பெனி பக்கத்து ஆளுங்களே எழுதி வச்சிருக்காங்க, நான் கட்டுன கதை இல்ல.

முற்றுகை நடக்கறப்போ 1761 புத்தாண்டுல அடிச்ச புயல்ல ஆயிரம் பேருக்கு மேல இங்கிலீஷ் மாலுமிங்க செத்தது பலகைல இருக்கு, இருக்கட்டும், அவங்களும் மனுசங்கதான். லாலி பேர்ல ஒரு தெருவே இருக்கு, பாரிஸ்ல 1766ல அவரு தலைய வெட்டினத கைடுங்க நின்னு நிதானமா சொல்றாங்க. வெளிய தள்ளப்பட்ட சனத்துக்கு ஒரு வரி கூட இல்லையாங்க? ரெண்டு வெள்ளக்காரன் சண்டைல பட்டினி கெடந்தது யாரு? கோட்டையவும் இடிச்சு தரைமட்டம் ஆக்கிட்டாங்க, மஞ்ச பெயிண்ட் அடிச்ச சுவரும் போட்டோ ஷூட்டும்தான் இப்ப பாரம்பரியம்னு ஆயிடுச்சு, நம்ம சனம் வாழ்ந்த தெருவுல பாதி வீடு இடிஞ்சு கெடக்கு, அத கேக்க ஆளில்ல...

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. நான் கேக்குறது செலையோ மண்டபமோ இல்ல, அதே பலகைல ரெண்டு வரி. "1760 நவம்பர் 27 அன்று இந்நகரத் தமிழர் 1400 பேர் கோட்டையிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இரு படைகளுக்கும் நடுவே எட்டு நாள் புல் வேரைத் தின்று கிடந்தனர்." இவ்ளோதான். தமிழ்ல முதல்ல போடுங்க. வர்ற நவம்பர் 27க்குள்ள வச்சா பொண்ண திரும்ப கூட்டிட்டு வர்றேன். தயவுசெஞ்சு செய்ங்க.