கம்பெனி மூடினாலும் வண்டி ஓட ஒரு வழி செய்யுங்கள்

மதிப்பிற்குரிய மத்திய கனரகத் தொழில்கள் அமைச்சருக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மின்சார வண்டிகளுக்கு மானியம் தந்த ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டம் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கி நீங்கள் நடத்திய திட்டம் அது. 2021 ஜூனில் மின்சார இருசக்கர வண்டிக்கான மானியத்தை, பேட்டரி கொள்ளளவின் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் (kWh) 15,000 ரூபாயாக உயர்த்தினீர்கள். அதன் பிறகுதான் ஒரு புதுக் கம்பெனியின் ஸ்கூட்டரை நாங்கள் வாங்கினோம். பில்லில் அரசு மானியம் என்று கழித்துக் காட்டியிருந்தார்கள். அரசாங்கமே பணம் கொடுக்கிறது என்றால் விசாரித்துத்தான் கொடுத்திருக்கும் என்று நம்பினோம். இன்று அந்தக் கம்பெனி இல்லை.

என் மனைவி அந்த வண்டியில்தான் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்வந்தாள். கடந்த மழைக்காலத்தில் வண்டி நின்றது. டிஸ்ப்ளே எரிகிறது, ஆக்சிலேட்டரைத் திருகினால் நகரவில்லை. ஷோரூம் இருந்த இடத்தில் செருப்புக்கடை வந்துவிட்டது. எங்கள் தெரு மெக்கானிக் பேட்டரியைக் கழற்றிப் பிரித்து, செல்களை வரிசையாக மீட்டர் வைத்துப் பார்த்தார். "செல்லு எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. பேட்டரியைக் கட்டுப்படுத்துற பி.எம்.எஸ். போர்டு லாக் ஆயிருச்சு. அதை எடுக்க அவங்க சாஃப்ட்வேர் வேணும்" என்றார். சரி, வேறு பேட்டரி போடலாம் என்றால், அந்தக் கம்பெனியின் பேட்டரியைத் தவிர வேறெதையும், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் ஏற்காது. மோட்டார் நன்றாக இருக்கிறது, டயர்கூடத் தேயவில்லை. மாதம் பிறந்தால் வங்கி தவணையைப் பிடித்துக்கொள்கிறது. அவள் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். இரவு கடைசி பஸ்ஸுக்காக ஓவர்டைமை விட்டுவிட்டாள்; அந்தக் கூலியும் போயிற்று.

பேட்டரி உட்பட மூன்று ஆண்டு வாரண்டி தர வேண்டும் என்பது உங்கள் திட்டத்தின் விதி. கம்பெனியே போன பிறகு அந்த விதியை நாங்கள் யாரிடம் காட்டுவது? உதிரிபாகங்கள் உள்நாட்டில் செய்தவையாக இருக்க வேண்டும் என்ற விதியை மீறியதாகச் சில கம்பெனிகளிடம் கொடுத்த மானியத்தை 2023இல் திருப்பிக் கேட்டீர்கள். கேட்டது சரி. அரசின் பணத்தைக் கேட்க வழி இருந்தது. கடன் வாங்கி மிச்சப் பணத்தைக் கட்டிய எங்களுக்கு எந்த வழியும் இல்லை.

அமெரிக்காவில் 2024 ஜூனில் ஃபிஸ்கர் என்ற மின்சார கார் கம்பெனி திவாலானபோது கார் வாங்கியவர்களே சங்கம் சேர்த்து சாஃப்ட்வேருக்கும் ஸ்பேருக்கும் அலைந்தார்கள். விலை உயர்ந்த கார் வைத்திருந்தவர்கள் அவர்கள். இங்கே தவணையில் ஸ்கூட்டர் வாங்கி உணவு டெலிவரிக்குப் போகிற பையன் எந்தச் சங்கத்தைத் தேடுவான்? மின்சார வண்டிக்கு மாறுங்கள் என்று சொல்லாத மேடை இல்லை. மாறியவர்களின் கதி என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது மானியம் அல்ல, நஷ்டஈடும் அல்ல. கம்பெனி மூடினாலும் வண்டி ஓட வேண்டும். மூடிய கம்பெனிகளின் பேட்டரி, கன்ட்ரோலர் சாஃப்ட்வேரை வாங்கி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். 2024 அக்டோபரில், ஃபேமுக்குப் பின் வந்த மின்சார வண்டி மானியத் திட்டமான பி.எம். இ-டிரைவுக்கு 10,900 கோடி ஒதுக்கினீர்கள். இனி மானியம் பெறும் ஒவ்வொரு கம்பெனியும் அந்த சாஃப்ட்வேரின் பிரதியையும், ஸ்பேருக்கென ஒரு தொகையையும் முன்கூட்டியே உங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி போடுங்கள். தயவுசெய்து இதை அடுத்த கம்பெனி மூடுவதற்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மானியத்தை நம்பி வண்டி வாங்கிய ஒருவன்
திருப்பூர்