கார்னரில் நிற்பவனுக்குப் பெயர் கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் எங்கள் மாவட்ட கபடி இறுதியாட்டச் செய்தி படித்தேன். "தனி ஒருவனாக அணியைக் கரைசேர்த்தார்" என்று ஒரு ரெய்டரை, அதாவது பாடிப் போகிறவரை, பற்றி எழுதியிருந்தீர்கள். தங்கள் நிருபர் எந்த ஆட்டத்தைப் பார்த்தாரோ! நான் களத்தோரம் மணலில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தவன்.

அந்தத் தம்பி கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசி நேரத்தில் அவர் அவுட்டாகி வெளியே நகம் கடித்துக்கொண்டிருந்தார். 29-29. உள்ளே மூன்றே பேர். பாடி வந்தவன் கோட்டுப் பக்கம் திரும்பிய நொடியில் இடது கார்னர் பையன், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிப்பவன், கணுக்காலைக் கவ்வினான், அவனுக்கு உள்பக்கம் கவரில் நின்றவன் இடுப்பில் விழுந்தான். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. எதிராளி ஒருவரைப் பிடித்தால் வெளியே இருக்கும் நம் ஆள் ஒருவர் உயிர்பெற்று உள்ளே வருவார் என்பது தாங்கள் அறியாததல்ல. உங்கள் 'தனி ஒருவன்' களத்துக்குத் திரும்பியதே அந்தப் பிடியால்தான். பிடித்தவன் பெயர் செய்தியில் இல்லை. படத்தில் அவன் முழங்கை மட்டும் இருக்கிறது.

நானும் 11 வருடம் இடது கார்னர். மோதிர விரல் இன்றும் நேராக நீளாது. அப்போது எங்கள் ஊர்ப் போட்டியில் சிறந்த ரெய்டருக்கு சைக்கிள், சிறந்த பிடிக்கு எவர்சில்வர் குடம். குடத்தில் என் மனைவிக்கு மட்டும்தான் சந்தோஷம்.

2017 புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் அணிக்கு ரெய்டர் அஜய் தாக்கூர் 200-க்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தார். அணி எங்கே நின்றது? தன் பிரிவில் கடைசியில். அதற்கு முந்தைய ஆண்டு பாட்னா பைரேட்ஸ் கோப்பை வாங்கியபோது கேப்டன், நம் தஞ்சைப் பக்கத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன். பிடிக்கிற ஆள்! அந்த அணியில் பெரிய ரெய்டர் பிரதீப் நர்வால் இருந்தாரே என்பீர்கள். இருந்தார், சரி. பின்னால் பிடிக்க ஆளில்லாமலா பாடப் போனார்?

முன்பு வாலிபால் செய்தியில் அடித்தவர் பெயரைப் போட்டு, பந்தைத் தூக்கிக் கொடுத்தவரை விட்டதற்கும் எழுதினேன். பிரசுரமாகவில்லை. இடமில்லை போலும். அன்று ஒரு நடிகரின் நாய்க்குட்டி பிறந்தநாளுக்கு மூன்று பத்தி இடம் இருந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி கபடிச் செய்தியின் அடியில் ஏழு பேர் பெயரையும் போடுங்கள், பொடி எழுத்தானாலும் பரவாயில்லை. அந்தக் கார்னர் பையன் பெயர் வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள். நிருபரிடம் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மன்னார்குடி